மசக்கைக்கு ஒரு டப்பா

தள்ளி குந்தும்மா கொஞ்சம். பையை மடியில வெச்சிக்க. பைக்கு இன்னாத்துக்கு ஒரு சீட்டு? ஆங், அப்பிடி.

எங்க போறேன்னு நீ கேக்கல. படிச்ச பொண்ணாட்டம் இருக்க, கேக்க மாட்ட. நானே சொல்றேன். என் மருமவளை இட்டுகினு வரப் போறேன். இது மூணாவது வாட்டி. மொதல் வாட்டி போனப்ப அவங்கம்மா கதவைத் தாப்பா போட்டுகினா. ரெண்டாவது வாட்டி வாசல்லியே நிக்க வெச்சி, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டா. ரெண்டு பஸ்சு மாறிப் போனது தண்ணி குடிக்கவா? அவ மூஞ்சியும் அவ சொம்பும்.

இன்னிக்கு அவளை இட்டுகினு வரலைன்னா என் மவன் இனிமே என் வாசப்படி மிதிக்க மாட்டானாம். போன்ல சொல்றான், பெத்தவகிட்ட. "அவ உன்கூட வரேன்னு அவ வாயால சொல்லணும். சொன்னா நான் வரேன். இல்லைன்னா உனக்குப் புள்ளையே இல்லைன்னு நெனச்சிக்க." ஒத்தப் புள்ளைம்மா. அவங்கப்பன் போனப்ப அவனுக்கு ஒம்போது வயசு. தோலைத் தெச்சித் தெச்சி வளத்தேன். தோ பாரு, இந்த விரலைப் பாரு, ஊசி குத்தாத எடம் இருக்கான்னு பாரு. அந்தப் புள்ளை எனக்கு ஆர்டர் போடறான். யாருக்காக? ஒரு டப்பாவை மோந்துகினு கெடந்தவளுக்காக.

ஆமாம்மா, டப்பாதான். குடி இல்ல, கஞ்சா இல்ல. ஷூ ஒட்டற பசை, சொல்யூஷன் டப்பா. சொல்லவே வெக்கமா இருக்கு. குடிச்சான்னா கூட ஊர்ல நாலு பேரு குடிக்கிறான், புரியும். இதை எங்கன்னு போய்ச் சொல்றது?

எங்களுக்கு ஆம்பூரு. அங்க சந்துக்குச் சந்து ஷூ வேலை, உனக்கே தெரிஞ்சிருக்கும். வெட்டின தோலை மூட்டையா வீட்டுக்கே கொண்டாந்து போட்டுடுவாங்க. மேல் தோலையும் உள்ள வெக்கிற துணியையும் சொல்யூஷன் தடவி ஒட்டணும், அப்பால கையால தெக்கணும். முப்பது வருஷமா எனக்கு இதான் சோறு. இந்திராணின்னு கேட்டா தோல் மூட்டை எறக்கற ஆளுக்குக்கூடத் தெரியும், என் தையல்ல ஒரு பீஸு திரும்பி வந்ததில்ல. என் மவன் தினகரன் இந்த வேலைக்கு வரல. ஓசூர்ல ஒரு கம்பெனில இருக்கான். சனிக்கெழமை ராத்திரி வருவான், ஞாயித்துக்கெழமை சாயங்காலம் பூடுவான்.

அவனுக்குக் கட்டி வெச்சது லோகேஸ்வரி. பேரு ஒண்டிதான் பெருசு. ஆளு பூனைக்குட்டியாட்டம் இருப்பா. வந்த புதுசுல தோலுக்கும் ரெக்சினுக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு. ஆனா கை சுறுசுறுப்பு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரே மாசத்துல ஒட்டற வேலை பூரா அவ கைக்குப் போச்சி. நான் வாசல்ல குந்திக்கினு தெப்பேன், அவ உள் ரூம்புல குந்திக்கினு ஒட்டுவா.

உள் ரூம்புக்கு ஒரே ஒரு சன்னல், அதையும் சாத்திதான் வெக்கணும். பேனும் போடக் கூடாது. காத்து பட்டா சொல்யூஷன் தடவறதுக்குள்ள காஞ்சிடும், தூசு வந்து ஒட்டிக்கும், ஒட்டின பீஸு பிச்சிக்கும். தொழில் தெரிஞ்சவ யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவா. எனக்கு அங்க குந்தினா அரை மணியில மண்டையை ஒடைக்கும், அதான் நான் வாசலுக்கு வந்துட்டேன். அவ சின்னப் பொண்ணு, தாங்குவா.

வந்த புதுசுல, "தலை வலிக்குது அத்தை"ன்னு ஆரமிப்பா. வேலை செய்யறவளுக்குத் தலை வலிக்காம காலா வலிக்கும்? கம்முனு செய்யுடின்னேன். கொஞ்ச நாள்ல அந்தப் பேச்சே நின்னு போச்சி. பழகிக்கினான்னு நெனச்சேன். 

ரெண்டு வருஷம் ஆச்சி, வயித்துல ஒண்ணும் இல்ல. தெருவுல ஒவ்வொருத்தியும் என் மூஞ்சியைப் பாத்தாலே, "விசேஷம் உண்டா?"ங்கறா. எனக்குப் பத்திக்கினு வரும். இவளைப் பாத்தா இன்னும் பத்திக்கினு வரும். மாசா மாசம் வீட்டுக்குத் தூரம்னு மூலையில போய் குந்திக்குவா பாரு, தட்டை அப்பிடியே தள்ளி உடுவேன். பேசக்கூட மாட்டேன். இன்னா பேசறது? மூணு நாளு ஒட்டற வேலையும் நின்னு போவும்.

இப்பிடி இருக்கசொல்ல, போன ஐப்பசில ஒரு நாள், தெச்சிக்கினு இருந்தேன், உள்ள சத்தமே காணோம். போய் எட்டிப் பாத்தா, டப்பாவை ரெண்டு கையால புடிச்சி, டப்பா வாயில மூக்கை வெச்சி, கண்ணை மூடிக்கினு குந்திக்கினு கீறா. கோயில்ல கற்பூரத்தை ஒத்திக்கிற மாதிரி அப்பிடி ஒரு மூஞ்சி.

"இன்னாடி அது?"

தூக்கிவாரிப் போட்டுச்சி அவளுக்கு. "ஒண்ணுமில்ல அத்தை. வாசனை நல்லா இருக்கு."

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சி. நாலு நாளா சோறு எறங்கல அவளுக்கு. காலையில சாக்கடை ஓரம் வாந்தி. எழுந்து நின்னா தள்ளாடறா. இப்ப வாசனை நல்லா இருக்குன்றா. நீயே சொல்லும்மா, பொம்பளையாப் பொறந்தவளுக்கு இதுக்கு இன்னா அர்த்தம் தோணும்?

"நாளு தள்ளிப் போச்சாடி?"ன்னேன்.

கண்ணை முழிச்சிக்கினு பாத்தா. விரல் விட்டு எண்ணினா. "அம்பது நாளு ஆச்சி அத்தை"ன்னா. பொய் சொல்லல அவ. அப்ப நெஜமாவே தள்ளித்தான் போயிருந்துச்சி. அது சொல்யூஷன் பண்ண வேலையா இருக்கும்னு பின்னாடி டாக்டர் சொன்னாங்க. அன்னிக்கு எனக்கு இன்னா தெரியும்? அவளுக்குத்தான் இன்னா தெரியும்?

மசக்கை! அடி என் ராசாத்தின்னு கன்னத்தைத் தொட்டு முத்தம் வெச்சேன். ஆமா, நான்தான். இந்தக் கையாலதான்.

இப்ப நீ நல்லாக் கேட்டுக்க, ஏன்னா இதைத்தான் அந்த நர்சும் டாக்டரும் என் மவனும் கேக்க மாட்டேன்றாங்க. மசக்கைக்காரி ஒண்ணு ஆசைப்பட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. சொன்னா பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழு வடியும். நீ சிரிக்காத. தினகரன் என் வயித்துல இருக்கசொல்ல எனக்குச் சீமெண்ணெ வாசனைன்னா உயிரு. அடுப்பாண்ட போயி டின்னு மூடியை மோந்துகினு நிப்பேன். என் மாமியா பாத்துட்டு, கரண்டியாலயே முதுகுல போட்டா. ராட்சசி. அப்பால இன்னா ஆச்சி? புள்ளை பொறந்த ஆறாம் மாசத்துல காதுல சீழு. பத்து வயசு வரைக்கும் வடிஞ்சிது. இன்னிக்கும் இடது காது அவனுக்குச் சரியா கேக்காது. போலீசு வேலைக்குப் போனான், காதைப் பாத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க. என் மாமியா பண்ண வேலை அது. நான் அப்பவே சத்தியம் பண்ணேன், என் மருமவளுக்கு நான் அப்பிடி இருக்க மாட்டேன்னு.

இருந்தேனா? இல்லையே! நானே குடுத்தேன். அவ மாமனாரோட பழைய வேட்டியைக் கிழிச்சி, சொல்யூஷன்ல நனைச்சி, மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவுல வெச்சி, காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. "மோந்துக்கடி, ஆசை தீர மோந்துக்க"ன்னு. எந்த மாமியாம்மா செய்வா? நீ உன் மாமியாளைக் கேட்டுப் பாரு.

சொல்யூஷன் ஒண்டியா? ஈரல் வறுத்துக் குடுத்தேன். மாதுளம்பழம் உரிச்சிக் குடுத்தேன். பக்கத்துல குந்திக்கினு, ஒரு வாய் தின்னு, இன்னொரு வாய் தின்னுன்னு ஊட்டினேன். ஒட்டற வேலையை ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்னு கொறைச்சேன். ராத்திரி எழுந்து அவளுக்குப் போத்தி உட்டேன். அவ என்னைப் பாத்துக்கினே இருப்பா. எதுக்குப் பாக்கறான்னே தெரியாது. ஒரு நாளு கண்ணுல தண்ணி விட்டா. இன்னாடின்னு கேட்டா, "சும்மா அத்தை"ன்னா. மசக்கைல பொண்ணுங்க அழும், அது சகஜம்னு உட்டுட்டேன்.

மூணு மாசம் முடியற வரைக்கும் வெளில மூச்சு விடக் கூடாது, அது எங்க வழக்கம். கண்ணு பட்டுடும். அதனால டாக்டர்கிட்டயும் இட்டுகினு போவல. ஆனா எங்க ஏரியா நர்சு ஒருத்தி கீறா, வெண்ணிலான்னு. வயசு முப்பது கூட இருக்காது, புள்ளை ஒண்ணு பெத்ததில்ல, ஊருக்கெல்லாம் பிரசவம் சொல்லிக் குடுப்பா. அவ ஸ்கூட்டியும் அவ கூலிங் கிளாசும். வீடு வீடா வருவா. இவளைப் பாத்துட்டு, "இன்னாக்கா, லோகேஸ்வரி இப்பிடி எளைச்சிட்டா"ன்னா. நான் லேசா சொன்னேன், விசேஷம் மாதிரின்னு. ஒடனே பையிலேர்ந்து அந்தக் குச்சியை எடுத்துட்டா. "ஒண்ணுக்கு ரெண்டு சொட்டு போதும், அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்"ன்றா. நான் வேணாம்னுட்டேன். ஒண்ணுக்கைப் பாத்து என் பேரனைக் கண்டுபுடிக்கிற வேலை உனக்கு இன்னாத்துக்குடி?

போனாளா? போவல. லோகா பக்கத்துல போய் நின்னா. மூஞ்சிக்கிட்ட மூக்கைக் கொண்டு போனா. கண்ணு இமையை இழுத்துப் பாத்தா. அப்பால என்னைத் தனியா கூப்ட்டு ஆரமிச்சா பாரு, ஒரு லெக்சரு. வாய் ஓரத்துலயும் மூக்குக்குக் கீழயும் பொரிப்பொரியா சிவந்து கெடக்குதே பாத்தீங்களான்றா. கர்ப்பச் சூடுன்னேன். கண்ணு செவந்து மூக்கு ஒழுகிக்கினே இருக்குதேன்றா. மழைக் காலம்னேன். குளிச்சப்பறமும் மூச்சுல சொல்யூஷன் நாத்தம் வருதுக்கான்னா. ஷூ வேலை செய்யறவ மேல மல்லிப்பூவா மணக்கும்னேன். பேச்சு குழறுதாம், நடக்கசொல்ல தள்ளாடறாளாம், காரணமே இல்லாம சிரிக்கிறாளாம், கொஞ்ச நேரத்துல எரிஞ்சி விழறாளாம். புள்ளை உண்டாயிருக்கறவ டான்ஸா ஆடுவா? 

"துணி கிணி ஒளிச்சி வெச்சிருக்காளா பாருங்க. கேரி பேக்குக்குள்ள காஞ்ச பசை ஒட்டியிருக்கான்னு பாருங்க"ன்னா. நெசமாவே இருந்துச்சி. பாய்க்கு அடியில நாலஞ்சு கவரு, உள்ள எல்லாம் ஒட்டிக்கினு. பத்து நாளைக்கு வர்ற டப்பா நாலு நாள்ல காலியாச்சி. நான் குடுக்கற துணி போதாம தானா எடுத்துக்கறான்னு தெரிஞ்சிது. சரி, ரெட்டைப் புள்ளையோ இன்னாவோன்னு நெனச்சேன். சிரிக்கிற பாரு நீ. அப்ப சிரிப்பு வரல எனக்கு, சந்தோஷமா இருந்துச்சி.

அந்த வெண்ணிலா கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போனா. "அக்கா, இது போதை. கர்ப்பமா இருந்தா இன்னும் மோசம், புள்ளைக்கும் போவும். மூளை, கொடலு, காது எல்லாத்தையும் அரிச்சிடும். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வாங்க, திட்ட மாட்டாங்க, நான் கூட வரேன். ஒண்ணு ஒண்டி மறந்துடாதீங்க, அவ மோந்துகினு இருக்கசொல்ல திடுக்குன்னு கத்தாதீங்க, அடிக்காதீங்க, தொரத்தாதீங்க. மெதுவா கையிலேர்ந்து வாங்கிட்டு, சன்னலைத் தொறந்து உடுங்க. அந்த நேரத்துல பயந்தா நெஞ்சு அப்பிடியே நின்னுடும்." நெஞ்சு நிக்கறதுக்கு அது இன்னா கரெண்டு மோட்டாரா? போடி உன் வேலையைப் பாத்துக்கினுன்னு அனுப்பிட்டேன்.

தினகரனும் அவன் பங்குக்கு நர்சுக்கு ஒத்து ஊதினான். ஒரு ஞாயித்துக்கெழமை, "அம்மா, இவ பேச்சே சரியில்ல, நாக்கு தடிச்சாப்பல பேசறா"ன்றான். அவங்க கம்பெனில கிளாஸ் எடுத்தாங்களாம், பெயிண்டு, தின்னரு, சொல்யூஷன் இதையெல்லாம் மூடின ரூம்புல வெச்சி வேலை செய்யக் கூடாதாம், மூஞ்சிக்கு மூடி போடணுமாம். போய் சன்னலைத் தொறந்தான். நான் போய் சாத்தினேன். மறுபடி தொறந்தான். "டேய், நீ சோறு தின்னு வளந்ததே இந்தச் சன்னலைச் சாத்தி வெச்சதாலதான்டா"ன்னேன். பொண்டாட்டியைக் கேட்டான், "லோகா, உனக்கு இன்னா பண்ணுது, சொல்லு." அவ என் மூஞ்சியைப் பாத்தா. "நல்லாத்தான் இருக்கேன்"ன்னா. அவன் ஓசூருக்குப் பூட்டான். நல்லா இருக்கேன்னு அவளே சொல்லசொல்ல நான் இன்னா பண்ணுவேன்?

இந்த டிரைவரு எதுக்கு இப்பிடி ஓட்டறான்? மாடு மேய்க்க வேண்டியவனெல்லாம் பஸ்சு ஓட்டறான்.

தை மாசம். வெள்ளிக்கெழமை. நாலு மாசம் ஆச்சி. வயிறு தெரியல, தலைச்சன் புள்ளைன்னா அப்பிடித்தான், அஞ்சாம் மாசம்தான் தெரியும்னு தெருவுக்கே சொல்லியாச்சி. அஞ்சாம் மாசச் சடங்குக்கு மருந்து குடுக்கணும், பூ வெக்கணும்னு அவங்கம்மாவுக்கும் சொல்லி அனுப்பியாச்சி. அன்னிக்குக் காலையில லோகா குளிச்சிட்டு சாமி படத்துக்கு வெளக்கேத்தினா. நான் தோல் மூட்டையை நகத்தறேன், அதுக்குப் பின்னாடி ஒரு கவரு. பசை கவருதான்னு எடுத்தேன். பசை இல்ல. பொண்ணுங்க மாசத்துக்கு வெக்கிற துணி. ரத்தம் காயல.

அப்ப புள்ளை? அப்ப நான் உரிச்சிக் குடுத்த மாதுளம்பழம்? ஊரு பூரா சொன்ன பேரன்? தீட்டோட போயி சாமிக்கு வெளக்கேத்தியிருக்கா! எத்தினி மாசமா ஏத்திக்கினு கீறாளோ! என் வீட்டுல, என் சாமிக்கு!

உள்ள பாஞ்சேன். அவ மூலையில குந்திக்கினு, கவரை மூஞ்சில வெச்சி ஊதி ஊதி இழுத்துக்கினு கீறா. நான் போட்ட கத்துல பக்கத்து வீட்டுப் பாத்திரம் உருண்டுச்சின்னா பாத்துக்க. முடியைப் புடிச்சி இழுத்தேன். "ஏமாத்துக்காரி! யாரு வயித்தைக் காட்டி யாரை ஏமாத்தற?" கவரு கீழ விழுந்துச்சி. அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஆளைத் தெரியாத மாதிரி, பேயைப் பாத்த மாதிரி. என் கையைத் தட்டி உட்டுட்டு ஓடினா. நானும் ஓடினேன், அந்தத் துணியைக் கையில புடிச்சிக்கினே, தெரு பாக்கட்டும்னு. 

தெருக் குழா கிட்ட போனா. பத்தடி கூட இருக்காது. அப்பிடியே விழுந்தா. தடுக்கி விழல, நெஞ்சைப் புடிக்கல, ஒண்ணும் பண்ணல. கயிறு அறுந்த மாதிரி. 

நடிக்கிறான்னு நெனச்சேன். எழுந்துருடின்னேன். அப்பதான் உதட்டைப் பாத்தேன், நாவப்பழம் தின்ன மாதிரி நீலம். 

அன்னிக்கு அங்கன்வாடில புள்ளைங்களுக்கு எடை போட வந்திருந்தா அந்த வெண்ணிலா. ஓடியாந்தா. செருப்பு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். நடுத்தெருவுல, ஆம்பளைங்க நிக்கறாங்கன்னு கூடப் பாக்காம, என் மருமவ நெஞ்சு மேல ரெண்டு கையையும் வெச்சி குத்தறா குத்தறா, அப்பிடி குத்தறா. எண்ணிக்கினே குத்தறா. வாயில வாயை வெச்சி ஊதறா. வேர்த்து ஊத்துது, நிறுத்தல. நான் போய், எலும்பு ஒடைஞ்சிடும்டி உடுன்னேன். "ஒடையட்டும் தள்ளுங்க!"ன்னு ஒரு கத்து கத்தினா. என்னை. என் தெருவுல. ஆம்புலன்சு வர்ற வரைக்கும் நிறுத்தல. எலும்பு ஒடைஞ்சுதான் போச்சி, ரெண்டு. ஆனா மூச்சு வந்துச்சி. அது இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

பதினோரு நாளு பெரியாஸ்பத்திரில கெடந்தா. பொழைச்சா. கையி ரெண்டும் நடுங்குது, டம்ளரைப் புடிச்சா தண்ணி பாதி கீழ கொட்டுது. நடை கோணுது. கொஞ்சம் கொஞ்சமா தேறும், திரும்ப அதைத் தொட்டா அவ்ளோதான்னு டாக்டர் சொன்னாங்க. காது மந்தமாயிடுச்சாம், அது ஒண்டி திரும்பாதாம். பாத்துக்க, நான் காதுக்குப் பயந்துதான எல்லாம் செஞ்சேன்? இல்லாத புள்ளைக்குக் காதைக் காப்பாத்தப் போயி இருக்கறவ காது போச்சி. இதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு யாரு சொன்னா? சரி, அந்த நர்சு சொன்னா. அவ சொன்னான்னா வேதமா?

ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்பறதுக்கு மொத நாளு அந்த டாக்டரம்மா எல்லாரையும் குந்த வெச்சாங்க. நான், தினகரன், லோகாவோட அம்மா. லோகாவைக் கட்டில்ல சாச்சி குந்த வெச்சி, காதாண்ட குனிஞ்சி, "இதை ஏன்மா பழகின?"ன்னு கேட்டாங்க. நான் நெனச்சேன், இவ இப்ப என்னைத்தான் சொல்லுவா, அத்தை குடுத்தாங்க, அத்தை அடிச்சாங்கன்னு. சொல்லட்டும், பதில் வெச்சிருந்தேன் நானு.

அவ நாக்கு இன்னும் சரியா பொரளல. மெதுவா சொன்னா. "மொதல்ல தலைவலி தெரியாம இருக்கத்தான் டாக்டர். அப்பால உட முடியல. எனக்கு நாளு வந்துடுச்சி, அப்பவே அத்தைகிட்ட சொல்லணும்னு இருந்தேன். ஆனா வயித்துல இருக்குன்னு நெனச்சப்பறம்தான் அவங்க என்னை ‘சாப்ட்டியா லோகா’ன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னா அது நின்னுடும்."

அவ்ளோதான். இதைச் சொல்லிட்டு எனக்குக் கோவமான்னு என் மூஞ்சியைப் பாக்கறா.

எப்பிடி இருக்கு கதை? ஒரு வார்த்தைக்காவ ஒருத்தி உயிரை விடுவாளா? சோறு போட்டேனா இல்லையா? ரெண்டு வருஷத்துல ஒரு வேளை பட்டினி போட்டிருப்பேனா? தட்டுல சோறு இருக்கு, தின்ன வேண்டியதுதான, அதை வாயால வேற கேக்கணுமா? எனக்கு யாரு கேட்டா? என் மாமியா கேட்டாளா? கரண்டிதான் கேட்டுச்சி. நான் டப்பாவையா மோந்துகினு கெடந்தேன்? இன்னா பொழப்புடி உன் பொழப்புன்னு அங்கியே கேக்கணும்னு வந்துச்சி. வாயைத் தொறந்தேன். தினகரன் என்னைப் பாத்தான். அப்பிடி ஒரு பார்வையை நான் அவன்கிட்ட பாத்ததே இல்ல. பொண்டாட்டியைத் தூக்கிக்கினு போயி அவங்கம்மா வீட்டுல உட்டான். அதோட சரி.

நான் யோசிச்சிப் பாத்தேன். ராத்திரி பூரா யோசிச்சிப் பாத்தேன். மசக்கைன்னு நெனச்சதுக்கு முந்தி ஒரு வாட்டியாவது, சாப்ட்டியான்னு கேட்டிருப்பேனேன்னு. ஒரு தீவாளிக்கு? அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சே ஒரு வாட்டி, அப்ப? ஞாபகம் வரல. கேட்டிருப்பேன். மனுஷி கேக்காம இருப்பாளா? கேட்டிருப்பேன், ஞாபகம்தான் வரல.

போன வாட்டி போனேன்ல, வாசல்லேர்ந்து தெரிஞ்சா. மரத்தடியில குந்திக்கினு, ஒரு ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி உட்டுக்கினு இருந்தா, கைக்கு அப்பிடி செய்யச் சொன்னாங்களாம். தட்டு பக்கத்துல இருந்துச்சி, சோறு அப்பிடியே. என்னைப் பாத்துட்டா. எழுந்துருக்கப் பாத்தா, முடியல. நானும் வாயைத் தொறந்தேன். "வேலை அப்பிடியே கெடக்குது, எப்ப வர்ற?"ன்னுதான் வந்துச்சி. அவ தலையைக் குனிஞ்சிக்கினா. அவங்கம்மா சொம்போட வந்துட்டா.

தோ, ஆலமரம் தெரியுது பாரு, அதாண்டதான் எறங்கணும். ஏம்மா, நீ ஒண்ணு பண்றியா? நீயும் எறங்கு. அடுத்த பஸ்சு அரை மணியில வரும். வீடு ரோட்டு மேலயே இருக்கு, நான் வேலியாண்ட நின்னுக்கறேன். நீ உள்ள போயி, அவ வலது காதாண்ட குனிஞ்சி, கொஞ்சம் சத்தமா, சாப்ட்டியா லோகான்னு ஒரு வாட்டி கேட்டுட்டு வந்துடு. அத்தை கேக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. இன்னாத்துக்கு என்னை அப்பிடிப் பாக்கற? நான் போய்க் கேக்க மாட்டனா? கேப்பேன். வயித்துல புள்ளை இல்லாதவகிட்ட கேட்டு எனக்குப் பழக்கமில்லம்மா.